டிராவலர் கேம்பர் வண்டிக்கு சோலார் ஒயரிங்: வீட்டு இன்வெர்ட்டர் செட்டையே போடலாமா?

வால்பாறைவண்டி

வணக்கம். ஊர் கோயமுத்தூர். பிஎஸ்4 ஃபோர்ஸ் டிராவலர், 3350 வீல்பேஸ், பழைய வண்டி ஒன்று வாங்கி கேம்பராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஆகிவிட்டன. அடுத்து கரண்ட் வேலை. சீலிங் பிளைவுட் அடிப்பதற்குள் ஒயர் இழுத்துவிடுங்கள் என்று கார்பெண்டர் நெருக்குகிறார்.

ஓட வேண்டியவை: 45 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், ராத்திரி முழுக்க இரண்டு ஃபேன், எல்இடி லைட், இரண்டு லேப்டாப் (நானும் மனைவியும் வண்டியில் இருந்தே வேலை பார்ப்போம்), தண்ணீர் பம்ப், போன், வைஃபை. அம்மா கூட வந்தால் மிக்ஸி கட்டாயம், சட்னி இல்லாமல் இட்லி இறங்காது. ஏசி வேண்டாம். சமையல் கேஸில்தான்.

பக்கத்து இன்வெர்ட்டர் கடையில் கொடுத்த கொட்டேஷன்: 540 வாட் பேனல் இரண்டு, 24 வோல்ட் சோலார் பிசியு (சார்ஜ் கண்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் சேர்ந்த பெட்டி) ஒன்று, 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) ட்யூபுலர் ஆசிட் பேட்டரி இரண்டு, எல்லாவற்றுக்கும் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர். "வீட்டுக்குப் போடுறதுதான் சார், வண்டிக்கும் அதேதான்" என்கிறார். சரிதானா? 12 வோல்ட் நல்லதா, 24 நல்லதா?

டைனமோதம்பி

அண்ணா, அந்த 1.5 ஸ்கொயர் என்ற ஒரு வரியே போதும், கொட்டேஷனை மடித்து வைத்துவிடுங்கள். மற்றதைப் பெரியவர்கள் வந்து சொல்வார்கள்.

பழையஒயர்மேன்

பெரியவர் வந்துவிட்டேன்.

தம்பி, பேனலில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்பதில் இருந்து ஆரம்பியுங்கள். நம் ஊர் வெயிலில் அந்த ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்: 550 வாட் அவர் வைத்துக்கொள்ளலாம். 20 வாட் 12 வோல்ட் ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: 400. லேப்டாப் இரண்டுக்கும் 400. போன், வைஃபை 100. லைட்டும் பம்பும் சேர்த்து 60. மிக்ஸி 750 வாட் என்றாலும் ஐந்து நிமிடம்தானே, 60 பக்கம்தான். ஆக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.6 யூனிட்.

இதில் மிக்ஸியைப் பாருங்கள். யூனிட் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஓடும் அந்த ஐந்து நிமிடமும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 65 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பேட்டரி எவ்வளவு பெரியது என்பதை ஃபிரிட்ஜும் ஃபேனும் தீர்மானிக்கும். கேபிள் எவ்வளவு தடி என்பதை மிக்ஸிதான் தீர்மானிக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வண்டிகளில் பிரச்சினை.

540 வாட் பேனல் ஒன்றே போதும். கூரையில் படுத்துக் கிடக்கும் பேனல் மத்தியானம் 60, 65 டிகிரிக்குச் சூடேறும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல விளைச்சல் குறையும். அந்த நஷ்டம், தூசி, கண்ட்ரோலர் நஷ்டம் எல்லாம் கழித்தாலும் தெளிவான நாளில் 2 யூனிட் வரும். நம்முடைய 11 டிகிரி அட்சத்தில் பேனலைச் சாய்த்து வைக்காததால் பெரிதாக எதுவும் போய்விடாது. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், காற்று ஓடட்டும்.

பேட்டரி: 12.8 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 2.5 யூனிட் பிடிக்கும், அதில் இரண்டுக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நாள் வெயிலே வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு வண்டி எஞ்சினிலிருந்து சார்ஜ், பிறகு வருகிறேன்.

ஈரோட்டான்

ட்யூபுலரை இப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டுமா? 2008க்குப் பிறகு வந்த பவர்கட் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளைக் காப்பாற்றியது அதுதான். எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த ஊரிலும் பழசை வாங்கிக்கொண்டு புதுசு தருவான். லித்தியத்தில் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) போனால் கோத்தகிரியில் யார் பார்ப்பார்கள்?

பழையஒயர்மேன்

நியாயமான கேள்வி, ஈரோட்டாரே. அந்தக் காலத்தில் நானே எத்தனையோ வீட்டில் ட்யூபுலர் மாட்டியவன்தான். வீட்டில் அது மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இவர் பெயரிலேயே வால்பாறை இருக்கிறது: ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஆசிட் நிரம்பிய பேட்டரி இரண்டும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அதன் மேல்தான் கட்டில்.

அதைவிடப் பெரிய விஷயம் சார்ஜ் ஏறும் வேகம். 150 ஏஎச் ட்யூபுலருக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர்தான் கொடுக்கலாம். 24 வோல்ட்டில் இரண்டைத் தொடராகப் போட்டால் 15 ஆம்பியர் என்பது 400 வாட். கடைக்காரர் கூரையில் ஏற்றச் சொல்வது 1080 வாட்! பகலில் லோடு எடுக்காவிட்டால் மீதி 680 வாட்டும் கூரையிலேயே கிடக்க வேண்டியதுதான். லித்தியம் 200 ஏஎச் 100 ஆம்பியர் வரைக்கும் சாதாரணமாக வாங்கிக்கொள்ளும், நல்ல வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தாலே முந்தின நாள் செலவு திரும்பிவிடும்.

நீலகிரிப்பனி

அந்தக் கொட்டேஷனில் இன்னொரு வில்லங்கம். 540 வாட் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள், ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் 49.5 பக்கம் இருக்கும். இரண்டை சீரிஸில் போட்டால் 99. கண்ட்ரோலர் 100 வோல்ட் தாங்கும் என்று எழுதியிருக்கிறது, சரியாகப் பொருந்திவிட்டது என்று சந்தோஷமாக மாட்டிவிடுவார்கள்.

அந்த 49.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.27 சதவீதம் போல. எங்கள் ஊரில் ஜனவரி விடிகாலை 5 டிகிரி என்பது சர்வசாதாரணம். 20 டிகிரி வித்தியாசம் என்றால் 5.4 சதவீதம், அதாவது 104 வோல்ட். முதல் வெயில் பேனலில் பட்டதும் கண்ட்ரோலர் காலி, வாரண்டியும் கிடையாது. கோவையில் வருஷம் முழுக்க ஓடியிருக்கலாம், ஊட்டிக்கு வந்து சாகும். ஒரே பேனல் என்றால் இந்தப் பேச்சே இல்லை. இரண்டுதான் வேண்டுமென்றால் 150 வோல்ட் கண்ட்ரோலர் வாங்குங்கள், இல்லையென்றால் பேரலல்.

வால்பாறைவண்டி

ஸ்டிக்கரை இப்போதுதான் பார்த்தேன், 49.6 என்று இருக்கிறது. டிசம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி போவதாக இருந்தோம். ரொம்ப நன்றி.

அப்படியானால் ஒரு பேனல், ஒரு லித்தியம், 12 வோல்ட். முடிவு செய்துவிடலாமா?

கணக்கர்

அவசரப்படாதீர்கள், 24 வோல்ட் பக்கத்தையும் கேளுங்கள். 1500 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 12 வோல்ட்டில் 140 ஆம்பியர் இழுக்கும், 24இல் 70. கரண்ட் பாதியானால் அதே கேபிளில் சூடாகப் போகும் நஷ்டம் கால்பங்கு. 50 ஆம்பியர் எம்பிபிடி கண்ட்ரோலர் (பேனல் கரண்டைப் பேட்டரிக்கேற்ப மாற்றும் பெட்டி) ஒன்று 12 வோல்ட்டில் 700 வாட் பேனலைத் தாங்கினால் அதே பெட்டி 24 வோல்ட்டில் 1400 தாங்கும். நாளைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டும் என்று தோன்றினால் 12 வோல்ட் கையைக் கட்டிப்போட்டுவிடும். மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

பழையஒயர்மேன்

கணக்கர் சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் இவருடைய பட்டியலைப் பாருங்கள்: ஃபேன், பம்ப், லைட் எல்லாம் 12 வோல்ட். ஃபிரிட்ஜ் மட்டும் இரண்டிலும் ஓடலாம். வண்டி டைனமோவும் 12. 24 போட்டால் வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்ற ஒரு பெட்டி, திரும்ப 12க்கு இறக்க இன்னொரு பெட்டி. அந்த இறக்குகிற பெட்டி ராத்திரி புட்டுக்கொண்டால் ஃபேன், லைட், தண்ணீர் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஒன்றரை மீட்டருக்குள் வைக்க முடிந்தால் 1500 வாட் வரைக்கும் 12 வோல்ட்டே போதும். ஏசி, இண்டக்‌ஷன் என்று போனால் 24 கூட வேண்டாம், நேரே 48க்குப் போங்கள் என்பேன்.

கணக்கர்

ஒன்றரை மீட்டர் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொள்கிறேன்.

வால்பாறைவண்டி

சரி, 12. இண்டக்‌ஷன் ஆசை இல்லை. ஒயர் சைஸ் சொல்லுங்கள். கடைக்காரர் 1.5 ஸ்கொயர் 10 ஆம்பியருக்கு மேலேயே தாங்கும் என்கிறார், அது பொய்யா?

பழையஒயர்மேன்

பொய்யில்லை. சூடாகி உருகாது என்ற அளவில் தாங்கும். வீட்டில் 230 வோல்ட்டில் முக்கால் வோல்ட் வழியில் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் முக்கால் வோல்ட் என்பது ஆறு சதவீதம்.

உங்கள் ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து 6 மீட்டர் என்று வையுங்கள். போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர் செம்பு. மீட்டரை 0.0175ஆல் பெருக்கி ஸ்கொயரால் வகுத்தால் ஓம். 1.5 ஸ்கொயருக்கு 0.14 ஓம், 5 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே போச்சு. 4 ஸ்கொயரில் 0.26. 6 ஸ்கொயரில் 0.18. கம்ப்ரசர் ஸ்டார்ட் எடுக்கும் நொடியில் இழுப்பு இன்னும் கூடும், வோல்டேஜ் சரிந்ததைப் பார்த்து ஃபிரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். "ஃபிரிட்ஜ் ரிப்பேர்" என்று கம்பெனிக்குப் போன் போடுகிறவர்களில் பாதிப்பேருக்கு ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஃபிரிட்ஜுக்குத் தனியாக 6 ஸ்கொயர், வேறெதையும் அதில் ஒட்டாதீர்கள். பம்புக்கும் ஃபேனுக்கும் 2.5. லைட்டுக்கு மட்டும் அந்த 1.5. பேனலிலிருந்து கண்ட்ரோலருக்கு 4 ஸ்கொயர் சோலார் கேபிள், கண்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 16. இன்வெர்ட்டருக்கு 50 ஸ்கொயர்: பல இழை கொண்ட சுத்தச் செம்பு வெல்டிங் கேபிள் நல்லது, அலுமினியத்தில் செம்பு பூசினதைத் தலையில் கட்டிவிடுவார்கள், நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வாங்கும் ஒற்றைக் கம்பி ஒயர் வண்டிக்கு ஆகாது, அதிர்வில் முறியும்.

சீலிங்குக்கு மேலே ஃப்ளெக்சிபிள் பைப்புக்குள் இழுங்கள். பக்கத்திலேயே காலி பைப் ஒன்று, உள்ளே ஒரு நைலான் கயிறோடு விட்டுவையுங்கள். தகட்டில் ஓட்டை போட்ட இடமெல்லாம் ரப்பர் கிராமெட் கட்டாயம். கிராமெட் இல்லாத ஓட்டையில் ஒயர் தோல் தேய்ந்து பாடியில் பட எவ்வளவு நாள் ஆகும் என்பது ரோட்டைப் பொறுத்தது.

டைனமோதம்பி

கேபிள் நுனியில் லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுங்கள் அண்ணே. சுத்தியலால் தட்டி, மேலே ஈயம் ஊற்றிக் கொடுக்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் தினமும் பார்க்கிறேன்.

பழையஒயர்மேன்

50 ஸ்கொயர் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்துதான் அடிக்க வேண்டும். டூல் வாடகைக்குக் கிடைக்கும், இல்லை கேபிளை வெட்டிக்கொண்டு போனால் கேபிள் கடையிலேயே அடித்துத் தருவார்கள். ஈயம் ஊற்றினால் இழைகள் எல்லாம் ஒட்டி விறைத்துப்போகும், விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வால் ஒடியும். அடித்த பிறகு கையால் இழுத்து முறுக்கிப் பாருங்கள், கொஞ்சம் அசைந்தாலும் வெட்டிப்போட்டு மறுபடி அடியுங்கள். மேலே ஹீட் ஷ்ரிங்க்.

அப்புறம் ஃபியூஸ். இது தனியாகச் சொல்ல வேண்டியது. ஃபியூஸ் சாமானைக் காப்பதற்கு இல்லை, ஒயரைக் காப்பதற்கு. அதனால் அது பேட்டரி பிளஸ்ஸை ஒட்டி இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒரு கணத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் வரும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே நெருப்புப் பொறி நிற்காமல் கரண்ட் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு முதல் ஃபியூஸாக கிளாஸ் டி (Class T) போடுங்கள், 20,000 ஆம்பியர் ஷார்ட்டையும் அறுத்துவிடும். உங்களுக்கு 200 ஆம்பியர். விலையைப் பார்த்து மலைக்காதீர்கள்.

வீட்டில் கிடக்கும் ஏசி கரண்ட் எம்சிபியை (ஓவர்லோடில் தானாக விழும் சுவிட்ச்) டிசி கரண்டுக்குப் போடாதீர்கள். ஏசி கரண்ட் ஒரு நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அந்த இடத்தில் பொறி அணையும். டிசிக்குப் பூஜ்யமே கிடையாது, பொறி எரிந்துகொண்டே இருக்கும். பேனல் லைனுக்கு டிசி எம்சிபி என்று கேட்டு வாங்குங்கள், பிளஸ் மைனஸ் குறி இருந்தால் அது சொல்கிறபடியே மாட்டுங்கள்.

வரிசை இதுதான்: பேட்டரி பிளஸ், கிளாஸ் டி ஃபியூஸ், பெரிய ஐசொலேட்டர் சுவிட்ச், செம்பு பஸ் பார் (கிளைகளெல்லாம் பிரியும் செம்புப் பட்டை). பஸ் பாரிலிருந்து இன்வெர்ட்டர், கண்ட்ரோலர், டிசி சார்ஜர், 12 வோல்ட் ஃபியூஸ் பெட்டி என்று தனித்தனிக் கிளை. மெலிந்த கிளை ஒவ்வொன்றுக்கும் அதன் தடிமனுக்கேற்ற ஃபியூஸ் பஸ் பார் பக்கமே. மைனஸ் பக்கம் பேட்டரி, ஷண்ட் மீட்டர் (பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் கணக்கிடுவது), மைனஸ் பஸ் பார். அங்கிருந்து பாடிக்கு ஒரே ஒரு தடித்த எர்த். எல்லா மைனஸையும் ஷண்டுக்கு அப்புறம்தான் சேர்க்க வேண்டும், ஒன்றை நேரே பேட்டரியில் மாட்டினாலும் மீட்டர் கணக்கு தப்பிவிடும்.

மெல்பர்ன்மச்சான்

இங்கே ஆஸ்திரேலியாவில் 2022இல் வந்த ஏஎஸ்/என்சட்எஸ் 3001.2 விதிப்படி லித்தியம் பேட்டரியைப் படுக்கும் இடத்தில் அப்படியே வைக்கக் கூடாது. உள்ளறையிலிருந்து மூடிய, வெளிப்பக்கம் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்தை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொடலாம். இந்தியாவில் எப்படி?

கணக்கர்

இங்கே மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்ற தரநிலை இருக்கிறது. பழைய வண்டியை மாற்றுகிறவர்களுக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் பொருந்தும். ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டுக் கை வைப்பது நல்லது, ஆர்சி புத்தக விஷயம். அதற்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே வேண்டாம்.

பழையஒயர்மேன்

மச்சான் சொன்ன பெட்டி யோசனை சட்டம் கேட்காவிட்டாலும் நல்லதுதான். ஆனால் சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரி தாண்டும். லித்தியத்துக்கு 45 முதல் 55 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சூடானால் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும், நல்ல வெயிலில் ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று பேனலைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். தரையோடு ஒட்டி, எஞ்சின் பக்கம் இல்லாமல், வெளிக்காற்று வரும்படி வையுங்கள்.

வால்பாறைவண்டி

பேட்டரி பார்த்தேன்: 200 ஏஎச், பிஎம்எஸ் 100 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பரவாயில்லையா?

நீலகிரிப்பனி

மிக்ஸி ஓடினால் பரவாயில்லை, மிக்ஸியை ஆன் செய்யும்போது பரவாயுண்டு. 100 ஆம்பியர் என்றால் தொடர்ந்து எடுக்கக்கூடியது 1100 வாட் பக்கம்தான். 1500 வாட் இன்வெர்ட்டருக்கு 200 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள பேட்டரியாகக் கேளுங்கள். ஏஎச்சைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், பிஎம்எஸ்ஸை மூன்றாம் பக்கத்தில் போடுவார்கள்.

இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் ஆகவே இருக்கட்டும். சதுர அலையில் மிக்ஸி மோட்டார் உறுமும், சூடாகும். சட்னி அரைத்ததும் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள்: சும்மா இருக்கும்போதே 10, 15 வாட் தின்னும், நாள் முழுக்க விட்டால் 300 வாட் அவர். உங்கள் இரண்டு ஃபேனும் ராத்திரி எடுப்பதில் முக்கால்வாசி. லேப்டாப்பை 12 வோல்ட் டைப் சி சார்ஜரில் போட்டுவிட்டால் இன்வெர்ட்டர் வேலையே மிக்ஸி ஒன்றுதான்.

டைனமோதம்பி

எஞ்சின் சார்ஜ் நான் சொல்கிறேன், என் தொழில். டைனமோவிலிருந்து நேரே ஒரு ரிலே போட்டு லித்தியத்துக்கு இழுக்காதீர்கள். லித்தியம் கேட்கிற அளவுக்கு டைனமோ கொடுத்துக்கொண்டே இருக்கும், டிராஃபிக்கில் ஐட்லிங்கில் நின்றால் அதன் ஃபேன் மெதுவாகச் சுற்றும், காயில் கருகும். இன்னொன்று: பேட்டரி நிரம்பி பிஎம்எஸ் பட்டென்று அறுத்துவிட்டால் வோல்டேஜ் எகிறி டைனமோ டயோடு போகும். நடுவில் 30 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் போடுங்கள். மூன்று மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும், மழைக்கால நாளுக்கு அது போதும். பிஎஸ்6 வண்டிக்காரர்களுக்கும் இதேதான் வழி, சில மாடல்களில் டைனமோ வோல்டேஜை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குகிறது.

வால்பாறைவண்டி

கடைசிக் கேள்வி. இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அறுக்கும் சுவிட்ச்) வாங்கிவிட்டேன். சும்மா நடுவில் மாட்டினால் போதுமா? தங்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் கிடைத்தால் அதிலிருந்தும் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பழையஒயர்மேன்

போதாது. நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பல இன்வெர்ட்டர்களில் அவுட்புட் எர்த்தோடு சம்பந்தமில்லாமல் மிதக்கும். மிக்ஸிக்குள் ஃபேஸ் கழன்று உலோகத்தில் பட்டாலும் திரும்பிப் போக வழியில்லாததால் ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது, சத்தமில்லாமல் இருக்கும். இரண்டாவதாக இன்னொரு கோளாறு வரும்போதுதான் ஆளை அடிக்கும். ஆகவே ஆர்சிசிபிக்கு முன்னால், இன்வெர்ட்டர் பக்கம், நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து அந்த எர்த்தை வண்டி பாடியில் கட்ட வேண்டும். சேர்ப்பதற்கு முன் மேனுவலைப் படியுங்கள். சில மலிவு இன்வெர்ட்டர்களில் இரண்டு காலும் பாடிக்கு 115 வோல்ட் வைத்திருக்கும், அதில் சேர்த்தால் இன்வெர்ட்டரே வெடித்துவிடும். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

வெளி பிளக்கிலிருந்து எடுக்கும்போது அந்தக் கட்டடத்திலேயே நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கும், வண்டிக்குள் இன்னொரு இணைப்பு இருக்கக் கூடாது. இரண்டு துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டு, இணைப்பை இன்வெர்ட்டர் பக்கத்து முனையில் மட்டும் வையுங்கள். வெளிக் கரண்டுக்குத் திருப்பினால் ஃபேஸும் நியூட்ரலும் இரண்டும் மாறும், இணைப்பு தானாக விலகிவிடும்.

மாட்டி முடித்ததும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கிவிட்டு விழுந்தது, சரி என்று போய்விடாதீர்கள். அந்தப் பட்டன் உள்ளேயே ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் விடுகிறது. எர்த் இணைப்பே இல்லாவிட்டாலும் விழும். சாக்கெட்டில் செருகும் டெஸ்டர், ஆர்சிசிபி பட்டன் உள்ளதாக ஒன்று வாங்குங்கள். அதுதான் ஃபேஸை நிஜமாக எர்த்துக்குக் காட்டிப் பார்க்கும். ஒருமுறை இன்வெர்ட்டரில் ஓட்டியும், ஒருமுறை வெளி பிளக்கில் போட்டும், சமையல் மேடை சாக்கெட்டில் வைத்துச் சோதியுங்கள். இரண்டிலும் விழுந்த பிறகு மிக்ஸியைச் செருகலாம்.